பென்டிரைவ் பூட் ஆகவில்லையா? மதர்போர்டைத் திட்டாதீங்க

இந்த மாதத்தில் இது நாலாவது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, சிபியூவை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து பாளையங்கோட்டையில் என் கடையில் இறக்கினார். "விண்டோஸ் பென்டிரைவ் போட்டா எடுக்க மாட்டேங்கு தம்பி, மதர்போர்டு போயிட்டுன்னு சொல்லுதாவ, மாத்திருதியளா?"

பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது விண்டோஸ் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிய ஃபைல். மகன் காப்பி பேஸ்ட் செய்தது. முதலில் ஃபைல் பெரிது என்று ஏறவில்லையாம், பெரிய ஃபைலையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் பண்ணியதும் ஏறிவிட்டதாம், அதில் பையனுக்கு ஒரே பெருமை.

ஐஎஸ்ஓவை காப்பி செய்தால் அது பூட் பென்டிரைவ் (கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பி விண்டோஸ் போடும் பென்டிரைவ்) ஆகாது. அரிசி மூட்டையை அப்படியே தூக்கி அடுப்பில் வைத்தால் சோறாகுமா? கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பென்டிரைவில் தேடுவது பூட் ஃபைலைத்தான், அது அந்த ஐஎஸ்ஓவுக்குள் கட்டிக் கிடக்கிறது, பிரித்துப் பார்க்க பயாஸுக்கு (ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) தெரியாது. சிலர் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் காப்பி செய்வார்கள். யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) மெஷினில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் என்றால் அது சில நேரம் ஓடவும் செய்யும், ஆனால் இப்போதைய விண்டோஸில் இன்ஸ்டால் ஃபைல் ஒன்றே பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டுவதால் ஃபேட்32 அதை ஏற்காது. அதனால்தான் ரூஃபஸ் அல்லது மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் என்ற, பூட் பென்டிரைவ் தயாரிக்கும் புரோகிராமைப் போடச் சொல்கிறோம். 8 ஜிபி பென்டிரைவ் போதும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதையும் சொல்லிவிட்டேன்.

சரி, ஒழுங்காகத் தயாரித்தும் வரவில்லையா? ஆன் செய்தவுடன் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவின் கீயைத் தட்டுங்கள், டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஷட்டவுன் செய்துவிட்டு அல்ல, ரீஸ்டார்ட் கொடுத்து. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுனே இல்லை. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்னால் செருகிப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். (முடிந்தால் எனக்கு வருமானம் கிடையாது, பரவாயில்லை.)

எனக்கு வயிறு எரிவது அடுத்த கட்டத்தில். ஏதோ வீடியோவைப் பார்த்து பயாஸில் யூஇஎஃப்ஐயை விட்டு லெகசி என்ற பழைய பூட் முறைக்கு மாற்றுகிறார்கள், பென்டிரைவ் எடுக்கிறது, சந்தோஷம். அப்புறம் இன்ஸ்டாலர், இந்த டிஸ்க் ஜிபிடி (யூஇஎஃப்ஐக்கான பார்ட்டிஷன் முறை), இதில் போட முடியாது என்கிறது. உடனே எல்லாப் பார்ட்டிஷனையும் டிலீட், பிள்ளைகளின் போட்டோவும் கடைக் கணக்கும் அதோடு போய்விடும். பிறகு என்னிடம் வந்து அழுது என்ன செய்ய? லெகசிக்குப் போகாமல் பென்டிரைவை ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று மறுபடி தயாரித்திருந்தால் பத்து நிமிட வேலை.

லேப்டாப்பில் செக்யூர் பூட்டை (நம்பகமானதை மட்டும் பூட் ஆக விடும் பயாஸ் செட்டிங்) தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பார்த்து அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள், தயவுசெய்து. செல்போனில் போட்டோ பிடித்து வைத்தால் கூடப் போதும். கீ இல்லாமல் என்னிடம் வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது, யாராலும் முடியாது.

அண்ணாச்சியின் மதர்போர்டுக்கு ஒன்றும் இல்லை. வேறு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நீங்களும் வருவதானால், எடுக்காத அந்தப் பென்டிரைவையும் கையோடு கொண்டு வாருங்கள், மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.