மெஷின் ஓடுகிறது, பக்கம் திறக்கவில்லை

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் பேட்டரியைப் பார்ப்பார்கள், அப்புறம் கீபோர்டு, அப்புறம் திரையில் கோடு விழுந்திருக்கிறதா என்று. மூன்றும் சரியாக இருந்தால் பேரம் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: இப்போது வெளியாகும் பிரவுசர் ஏதாவது ஒன்று இந்த மெஷினில் ஓடுமா? அல்சூரிலோ விவேக்நகரிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காக வாங்கும் கணினி என்றால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம், கரண்ட் பில், வங்கி, வருமான வரி என்று எல்லாமே பிரவுசருக்குள் போய்விட்டன. பிரவுசர் இல்லாத கணினியில் பாட்டுக் கேட்கலாம், கடிதம் அடிக்கலாம். மற்ற வேலைக்கு இன்னொரு கணினியைத் தேட வேண்டும்.

ஆப்பிளின் பவர்புக் ஜி4 ஒரு நல்ல உதாரணம். 2001 முதல் 2006 வரை விற்ற லேப்டாப் அது. 2003 முதல் அலுமினிய உடம்பு, இன்றும் சளைக்காத கீபோர்டு. ஆனால் அதோடு வந்த சஃபாரியில் இன்றைய இணையதளத்தின் முகவரியை அடித்தால், பெரும்பாலும் ஓர் எழுத்துகூடத் திரைக்கு வருவதற்கு முன்பே முயற்சி நின்றுவிடும். ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

எச்டிடிபிஎஸ் முகவரி ஒன்றைத் திறக்கும்போது பிரவுசர் முதலில் பக்கத்தைக் கேட்பதில்லை. பாதுகாப்பாகப் பேச எனக்கு இந்தெந்த முறைகள் தெரியும் என்று ஒரு பட்டியலை சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதில் தனக்கும் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎல்எஸ். அந்தப் பழைய சஃபாரிக்குத் தெரிந்தது 1.0 வரைதான். கார்டு பணப் பரிமாற்றத் தளங்கள் அதை 2018 ஜூனுக்குள் கைவிட வேண்டியிருந்தது. 2020 இல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தின, 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பும் முறைப்படி அவற்றை விலக்கியது. இப்போது சர்வர்கள் எதிர்பார்ப்பது 1.2 அல்லது 1.3. இரு பக்கமும் பொதுவாக எதுவும் இல்லாவிட்டால் சர்வர் அங்கேயே இணைப்பை முடித்துக்கொள்ளும். நிறுத்தியதில் தப்பில்லை, பழைய முறைகளில் உண்மையான ஓட்டைகள் இருந்தன. ஆனாலும் அந்த முடிவோடு ஒரு தலைமுறைக் கணினிகள் முழுவதும் வெளியே நின்றுவிட்டன.

இந்தப் படியைத் தாண்டினாலும் சான்றிதழ் என்ற அடுத்த படி இருக்கிறது. சர்வர் காட்டும் சான்றிதழ் போலியா அசலா என்று தெரிந்துகொள்ள, நம்பகமான மூலச் சான்றிதழ்கள் சில ஏற்கெனவே கணினிக்குள் இருக்க வேண்டும். அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், தொடக்கத்தில் தன் நம்பகத்துக்குச் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் போய்ச் சேராத பல மெஷின்களில் முந்தைய நாள் வரை திறந்த தளங்கள் மறுநாள் திறக்கவில்லை. பழைய கணினி வாங்கியவர்கள் இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும், அப்போது செல்லுபடியாகும் சான்றிதழ்கூட செல்லாததாகத் தெரியும். சில ரூபாய் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடுகிற கோளாறு அது.

சரி, இணைப்பு கிடைத்துவிட்டது, பக்கமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கும்: உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், செயலுக்கு ஜாவாஸ்கிரிப்ட். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டும் பெருந்தன்மையான மொழிகள். தெரியாத ஒரு குறி வந்தால் பிரவுசர் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். சிஎஸ்எஸ் கிரிட் என்ற பக்க அமைப்பு முறை 2017 இல்தான் பிரவுசர்களுக்குப் பரவலாக வந்தது. அது தெரியாத பிரவுசரில் பத்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், படிக்க முடியும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு சுருக்கெழுத்து 2020 இல் அந்த மொழிக்குள் வந்தது. அதை அறியாத எஞ்சின் (பக்கத்தைப் படித்து ஓட்டும் பிரவுசரின் உள் பகுதி), நூறாயிரம் வரியுள்ள கோப்பில் அந்த இரண்டு எழுத்துகளை ஓரிடத்தில் பார்த்துவிட்டாலும் இலக்கணப் பிழை என்று முழுக் கோப்பையும் ஓட்டாமல் விட்டுவிடும். இன்றைய தளங்களில் பல, பக்கத்தின் உள்ளடக்கத்தையே அந்தக் கோப்பை வைத்துத்தான் உருவாக்குகின்றன. அதனால் பயனருக்குத் தெரிவது வெறும் வெள்ளைத் திரை.

அப்படியானால் ஒவ்வொரு சின்ன இயங்குதளமும் தனக்கென்று ஒரு பிரவுசரை எழுதிக்கொள்ளலாமே? இங்கேதான் நிலைமை கடினமாகிறது. கடைகளில் பத்துப் பதினைந்து பிரவுசர் பெயர்கள் கேட்டாலும் உள்ளே இருக்கும் பெரிய எஞ்சின்கள் மூன்றுதான். ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட், க்ரோமின் பிளிங்க். இவற்றில் இரண்டு ஒரே வேரிலிருந்து வந்தவை. கேடிஇ என்ற திறந்த மூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் லினக்ஸுக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் எஞ்சினை எடுத்து ஆப்பிள் 2003 இல் சஃபாரியைக் கொண்டுவந்தது, அதிலிருந்து 2013 இல் கூகுள் பிரிந்து பிளிங்க்கை உருவாக்கியது. அதே 2013 இல் ஓபரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2018 டிசம்பரில் தன் எட்ஜ் எஞ்சினை விட்டுவிட்டு க்ரோமின் திறந்த மூல அடித்தளமான கூகுளின் க்ரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் சுமக்க முடியாததை, மாலை நேரத்தில் வேலை செய்யும் ஐந்தாறு ஆர்வலர்கள் எப்படிச் சுமப்பார்கள்?

பெங்களூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய பிரவுசருக்கான போட்டி ஒன்றை அறிவித்தது. அதை ஒருங்கிணைத்தது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பெங்களூர் மையம். மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். இந்தியச் சான்றளிப்பு ஆணையத்தின் மூலச் சான்றிதழ் பிரவுசருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. மேலே சொன்ன சான்றிதழ் விஷயம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெரியும். 2025 மார்ச்சில் ஸோஹோவின் உலா முதல் பரிசு பெற்றது. உலாவும் க்ரோமியத்தின் மேல் கட்டப்பட்டதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எஞ்சினை முதலிலிருந்து எழுதுவது பல வருடம் பிடிக்கும் வேலை.

ஆகவே சின்ன இயங்குதளங்களுக்கு இருக்கும் ஒரே வழி, இருக்கும் எஞ்சினைத் தங்கள் இடத்துக்குக் கொண்டுபோய் ஓட வைப்பது. இதைப் போர்ட்டிங் என்பார்கள். க்ரோமியத்தைக் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை மெஷின் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, வட்டில் குறைந்தது 100 ஜிபி இடம் வேண்டும், 16 ஜிபிக்கு மேல் மெமரி இருந்தால் நல்லது என்று அதன் ஆவணமே சொல்கிறது. பவர்புக் ஜி4இல் போடக்கூடிய உச்ச மெமரி 2 ஜிபி. 2011 இறுதியிலேயே 32 பிட் விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸைக் கட்டும்போது துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கு மெமரி முகவரி இடம் போதாமல் வேலை நின்றிருக்கிறது. பிரவுசரை ஓட்டப்போகும் மெஷினிலேயே அதைக் கட்ட முடியாது என்பதால், வேறொரு பெரிய மெஷினில் கட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மொழியும் ஒரு தடை. ஃபயர்ஃபாக்ஸின் சில பகுதிகள் 2016 முதல் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் இருக்கின்றன. உங்கள் இயங்குதளத்துக்கு ரஸ்ட் கம்பைலர் இல்லை என்றால் முதலில் அதைக் கொண்டுவர வேண்டும், பிரவுசர் அப்புறம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின். நிரலை வரி வரியாகப் படித்து ஓட்டினால் மெதுவாக இருக்கும். அதனால் அடிக்கடி அழைக்கப்படும் பகுதிகளை எஞ்சின் கண்காணித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை பிராசசரின் சொந்தக் கட்டளைகளாக மாற்றி மெமரியில் எழுதி, அந்த இடத்துக்குத் தாவிவிடும். இதற்கு ஜிட் என்று பெயர். இன்றைய இணையத்தின் வேகம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஆனால் கட்டளைகள் பிராசசருக்குப் பிராசசர் வேறு. இன்டெலுக்கு எழுதிய ஜிட், பவர்புக் ஜி4இல் இருக்கும் பவர்பிசி பிராசசரில் ஒன்றுக்கும் உதவாது, யாராவது உட்கார்ந்து அந்த பிராசசரின் கட்டளைத் தொகுப்பைக் கரைத்துக் குடித்துப் புதிதாக எழுத வேண்டும். கேமரன் கைசர் அதைச் செய்தார். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா பவர்பிசி மேக்கைக் கைவிட்டபோது டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் ஃபயர்ஃபாக்ஸை அங்கே தொடர்ந்தவர் அவர். பவர்பிசிக்கென்று ஜிட் எழுதினார், ஃபயர்ஃபாக்ஸ் 45ஐ அடித்தளமாக வைத்துப் பாதுகாப்புத் திருத்தங்களை 2021 வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் ஒரு முழுத் தலைமுறைக் கணினிகளை இணையத்தில் வைத்திருந்த உழைப்பு அது. அதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் சமாளித்த இன்னொரு சிக்கல் பைட்டுகளின் வரிசை. ஒரே நாளை 15-8-1947 என்றும் எழுதலாம், 1947-8-15 என்றும் எழுதலாம். அதுபோல நான்கு பைட்டுள்ள ஓர் எண்ணைச் சின்ன முனையிலிருந்தும் மெமரியில் வைக்கலாம், பெரிய முனையிலிருந்தும் வைக்கலாம். இன்டெல் சின்ன முனையிலிருந்து வைக்கும், ஆர்ம் மெஷின்களும் நடைமுறையில் அப்படியே. பவர்பிசி மேக், அமிகா என்ற பழைய வீட்டுக் கணினி, ஸ்பார்க் பிராசசர் எல்லாம் பெரிய முனையிலிருந்து. இன்று பிரவுசர் எழுதுகிறவர்களின் கையில் இருப்பது முதல் வகை மட்டும் என்பதால், அந்த அனுமானம் நிரலின் மூலை முடுக்கெல்லாம் ஊறிவிட்டது. இரண்டாம் வகை மெஷினில் ஓட்டினால் படங்களில் நிறம் இடம் மாறும், எண்கள் பூதாகரமாகும். பிரவுசருக்குள் வேகமாக ஓடும் நிரல் வடிவமான வெப்அசெம்பிளியின் விதியே சின்ன முனை முதலில் என்றுதான் சொல்கிறது, ஆகவே மற்ற மெஷின்கள் ஒவ்வொரு முறையும் பைட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதையெல்லாம்விட நெருக்கமான ஒன்று உண்டு. "கெ" என்பதைக் கணினி முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல்தொகுப்பு தேவை. ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், ஆண்ட்ராய்டு மூன்றிலும் அதுதான் இருக்கிறது. விண்டோஸுக்கே தமிழ் முறையாக வந்தது விண்டோஸ் 2000இல்தான். எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே வரையும் பழைய இயங்குதளங்களில், தமிழ் எழுத்துரு இருந்தாலும் கொம்பு பின்னால் தனியாகத் தொங்கும். ஆங்கிலப் பக்கம் நன்றாகத் தெரியும் அதே பிரவுசரில் தமிழ்ப் பக்கம் படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் இது. புதிய எஞ்சின் ஒன்று ஓர் இயங்குதளத்துக்கு வந்து சேரும்போது ஹார்ஃப்பஸும் கூடவே வருகிறது, அன்றைக்குத் தமிழும் அங்கே குடியேறுகிறது.

இவ்வளவு தடை இருந்தும் வேலை நடக்கிறது. பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வாரிசான ஹைக்கூ 2001 முதல் தன்னார்வலர்களால் வளர்ந்து வருகிறது. அதன் சொந்த பிரவுசரான வெப்பாசிட்டிவ் வெப்கிட்டில் ஓடுகிறது, ஃபயர்ஃபாக்ஸின் நிரலும் ஐஸ்வீசல் என்ற பெயரில் அங்கே வந்துவிட்டது. அமிகா குடும்பத்தைச் சேர்ந்த மார்ஃப்ஓஎஸ்ஸுக்கு வேஃபேரர் என்ற பிரவுசர். ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் 1987 இல் வெளியிட்ட ஓஎஸ்/2இன் இன்றைய வடிவமான ஆர்காஓஎஸ்ஸுக்கு டூபிள். சின்ன இயங்குதளங்கள் பலமுறை வெப்கிட்டை நாடுவதற்குக் காரணம், வெவ்வேறு இடங்களில் பொருத்துவதற்கு வசதியாகவே அது பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது. மாறாக, ஃப்ரீபிஎஸ்டி போன்ற மதிப்பான இயங்குதளத்துக்குக்கூட க்ரோமியம் தன் மூல நிரலில் இடம் தரவில்லை. நூற்றுக்கணக்கான ஒட்டுத் திருத்தங்களைத் தன்னார்வலர்கள் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அந்தத் திருத்தங்களைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அது கொஞ்ச வேலை, இவர்களுக்கோ வருடக்கணக்கான உழைப்பு மிச்சம்.

முழு எஞ்சின் முடியாத மெஷின்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பக்கத்தை வேறொரு கணினி திறந்து, சுருக்கியோ படமாக்கியோ அனுப்புவது. ஓபரா மினி 2005 முதல் செய்தது இந்த வகைதான், சின்ன ஃபோன்களில் இணையம் பார்த்த இந்தியர்கள் நிறையப் பேருக்கு அது நினைவிருக்கும். ஆனால் நடுவிலுள்ள கணினி உங்கள் பாஸ்வேர்டையும் பார்க்க முடியும். உங்கள் வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற சின்ன கணினியில் அதை ஓட்டினால் பரவாயில்லை, முகம் தெரியாதவர் சர்வரில் வேண்டாம்.

இது பழைய மெஷின்களுக்கான கவலை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து பெங்களூரில் உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, உள்ளடக்கத்தைக் காட்ட ஐஎம்எல் என்ற தனி மார்க்கப் மொழியை வைத்திருந்தது. 2004 இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதை அமிடா என்ற பெயரில் தயாரித்து வெளியிட்டது. ஆனால் உலகம் எழுதிக் குவித்ததெல்லாம் எச்டிஎம்எல்லில் இருந்தது. இப்போது சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் வந்திருக்கின்றன, 2018 இலேயே அவற்றில் ஒன்று லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அந்த வழியில் ஒருநாள் நம் சொந்த மேசைக் கணினி வர வேண்டும் என்றால் அதற்கு ஜிட் தேவை. நல்லவேளையாக, க்ரோமியத்தின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8க்குள் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2021 இலேயே சேர்ந்துவிட்டது. டெபியன் என்ற லினக்ஸும் 2025 இல் வந்த 13ஆம் பதிப்பில் அந்த பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

இணையதளம் கட்டும் வேலையில் இருப்பவர்கள் பெங்களூரில் எத்தனையோ பேர், அவர்களில் தமிழர்களும் ஏராளம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பப் படிவத்தைச் சாதாரண எச்டிஎம்எல்லாக சர்வரிலிருந்தே அனுப்புங்கள். புதிய ஜாவாஸ்கிரிப்ட்டை மாட்யூல் என்று குறித்துவிட்டால், அது தெரியாத பழைய பிரவுசர் அந்தக் கோப்பைத் தொடாமல் விட்டுவிடும், படிவம் அப்படியே நிற்கும். அப்புறம் நெட்சர்ஃப் என்ற சின்ன பிரவுசரை லினக்ஸில் நிறுவி உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதன் எஞ்சின் அதன் குழுவினரே எழுதியது, ஜாவாஸ்கிரிப்ட் ஆதரவு மிகக் குறைவு. அதில் பெயரை நிரப்பி சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த முடிந்தால், ஹைக்கூவிலும் மார்ஃப்ஓஎஸ்ஸிலும் ஆர்காஓஎஸ்ஸிலும் அந்தப் படிவம் பெரும்பாலும் வேலை செய்யும்.