ஹார்டுடிஸ்கை அழிக்கும் முன் போர்ட்டுகளைச் சோதியுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் மடிக்கணினியில் ஒரு சனிக்கிழமை மாலை என் கடையில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் வகுப்பறையிலிருந்தே என்னை அழைத்தார். புரொஜெக்டரில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டுமே தெரிவதாகவும், கேபிளை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டதாகவும், பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். தவறு என்னுடையது.

அந்தக் கணினியில் இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கும் வரைகலைப் பகுதியோடு, தனியாக ஒரு என்விடியா சில்லும் இருந்தது. இப்படி இரண்டு சில்லுகள் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் திரை இன்டெலோடு இணைந்திருக்கும்; பக்கவாட்டில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட்டின் தடம் மட்டும் மதர்போர்டில் நேராக என்விடியாவுக்குப் போயிருக்கும். பேட்டரி சற்றுக் கூடுதல் நேரம் நிற்கட்டும் என்று எண்ணி, 'பிரைம்-செலக்ட்' கட்டளையின் மூலம் என்விடியாவை முழுவதுமாக அணைத்து, இன்டெல் மட்டும் வேலை செய்யும்படி வைத்திருந்தேன். சில்லை அணைத்ததும் அதைச் சார்ந்திருந்த எச்டிஎம்ஐயும் செத்துவிட்டது. கடையில் திரை பளிச்சென்று தெரிந்ததால், மூடி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு கேபிளைச் செருகிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எந்தப் போர்ட் எந்தச் சில்லுக்குச் சொந்தம் என்பதை லினக்ஸில் எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். 'சிஸ்' என்ற கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்' என்று (/sys/class/drm) போனால், 'கார்டு0-இடிபி-1', 'கார்டு1-எச்டிஎம்ஐ-ஏ-1' என்பது போன்ற பெயர்கள் வரிசையாக நிற்கும். இடிபி என்பது மடிக்கணினியின் சொந்தத் திரை. எச்டிஎம்ஐக்கு முன்னால் வேறொரு கார்டின் எண் இருந்தால், அந்தச் சில்லை அணைக்கக் கூடாது என்று பொருள். ஆசிரியரின் கணினியில் எச்டிஎம்ஐ என்ற பெயரே பட்டியலில் இல்லை. தேவைப்படும்போது மட்டும் என்விடியா வேலை செய்யும் 'ஆன்-டிமாண்ட்' என்ற நிலைக்கு மாற்றி மறுபடி இயக்கியதும் பெயரும் வந்தது, படமும் வந்தது. ஒலி மட்டும் மடிக்கணினியிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஒலி அமைப்பில் வெளியீட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றிய பிறகு அதுவும் சரியானது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாத கணினிகளும், ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லாத பழைய செயலிகளைக் கொண்ட கணினிகளும் விண்டோஸ் 11-க்கு முறைப்படி மாற இயலாது என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் லினக்ஸைத் தேடி என் கடைக்கு வருகிறார்கள். வருவது நல்லதுதான். ஆனால் மேசைமேல் கணினியை வைத்தவுடன் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அண்ணாச்சி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்ருங்க, பழசு ஒண்ணும் வேண்டாம்" என்பதாகவே இருக்கிறது. அழிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அழித்த பிறகு ஏதேனும் ஒரு போர்ட் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், திரும்பிப் போக வழியில்லை.

ஆகையால் இப்போது எந்தக் கணினியையும் முதலில் பென்டிரைவிலிருந்து லைவ் முறையில்தான் இயக்குகிறேன். ஹார்டுடிஸ்கைத் தொடாமல், பென்டிரைவையும் நினைவகத்தையும் கொண்டே முழு இயங்குதளமும் ஓடும். அதில் வேலை செய்கிற போர்ட் நிறுவிய பின்னும் பெரும்பாலும் வேலை செய்யும். அதில் வேலை செய்யாத போர்ட்டுக்குத் தீர்வு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதுவானாலும் அழிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் அன்றாடம் செருகுகிற பொருள்களையே கொண்டுவரச் சொல்கிறேன். என் கடையில் உள்ள மவுஸ் வேலை செய்தது என்பதால் அவருடைய பிரிண்டரும் வேலை செய்யும் என்று எப்படிச் சொல்வது?

அதிகக் குழப்பம் தருவது யுஎஸ்பி-சி போர்ட். 2014-இல் வரையறை வெளியான அந்த 24 முனைகள் கொண்ட முட்டை வடிவத் துளை, எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி தோன்றும். உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஒரு கணினியில் அது நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் தரவை மட்டும் கடத்தும். இன்னொன்றில் 10 கிகாபிட் வேகத்தோடு படத்தையும் வெளியே அனுப்பும். தண்டர்போல்ட் 3 அல்லது 4 இருந்தால் 40 கிகாபிட். போர்ட்டின் அருகே மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட் என்றும், டிஸ்பிளேபோர்ட்டுக்கு உரிய 'டி', 'பி' எழுத்துகள் பின்னிய குறி இருந்தால் படம் வெளியே போகும் என்றும் கொள்ளலாம். குறி எதுவுமே இல்லாவிட்டால் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் படிப்பதே வழி. விலை குறைந்த மடிக்கணினிகளில் பட வெளியீட்டுக்கான தடமே மதர்போர்டில் இல்லாமல் இருப்பது உண்டு. இல்லாத தடத்தை எந்த இயங்குதளமும் போட்டுத் தராது; அதே போர்ட் விண்டோஸிலும் படம் காட்டியிருக்காது என்பதை யாரும் முன்பு சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

யுஎஸ்பி-சியில் செருகினால் பல போர்ட்டுகளைத் தரும் பெட்டியான டாக் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் டாக்குகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கணினியின் வரைகலைச் சில்லு தருகிற படத்தை அப்படியே யுஎஸ்பி-சி வழியாக எடுத்து எச்டிஎம்ஐக்கு மாற்றிக் கொடுக்கும். இதற்குத் தனி டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், தேவையில்லை. இரண்டாவது வகையில் டிஸ்பிளேலிங்க் என்ற சில்லு இருக்கும். அது படத்தைச் சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பி, டாக்கிற்குள் விரித்துக் காட்டும். இதற்கு லினக்ஸில் தனியே டிரைவர் நிறுவ வேண்டும். அதன் ஒரு பகுதி திறமூலம், மறு பகுதி மூடிய மூலம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் புதுப்பிக்கப்படும்போது அது சில நேரம் இடறும். 'எல்எஸ்-யுஎஸ்பி' (lsusb) என்று கட்டளை கொடுத்து, பட்டியலில் டிஸ்பிளேலிங்க் என்ற பெயர் வருகிறதா என்று பார்த்தால் வகை தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் வகையைத்தான் வாங்கச் சொல்வேன்.

இத்தகைய வெளி டிரைவர்களை நிறுவும்போது இன்னொரு சிக்கல் வரும். கணினி எழும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் உபுண்டு ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை கணினி எழும்போது, நாம் எதிர்பாராத நீலத் திரை ஒன்று தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி கேட்டுச் சில நொடிகள் காத்திருக்கும். வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து கையை எடுத்துக்கொள்பவர்களே அதிகம். அந்த நொடிகளுக்குள் விசையை அழுத்தி 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவர் ஏற்றுக்கொள்ளப்படும். இல்லையென்றால் டிரைவர் நிறுவப்பட்டதாகவே காட்டும், போர்ட் மட்டும் பேசாமல் இருக்கும்.

பழைய யுஎஸ்பி-ஏ போர்ட்டுகளில் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் லினக்ஸின் மேல் வீண்பழி விழுகிற இரண்டு செய்திகள் உண்டு. வேகமான பென்டிரைவைத் தயங்கித் தயங்கி மெதுவாகச் செருகினால், முன்வரிசையில் உள்ள பழைய நான்கு முனைகள் முதலில் தொட்டு, கணினி அதை யுஎஸ்பி 2.0 என்றே பதிவுசெய்துகொள்வது உண்டு. 'எல்எஸ்-யுஎஸ்பி' கட்டளையோடு '-t' என்ற சேர்க்கையைக் கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே 480எம் அல்லது 5000எம் என்று வேகம் தெரியும். 480 என்றிருந்தால் பிடுங்கிவிட்டு ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள். மற்றொன்று, வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடுவது. யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்குகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. போர்ட்டில் செருகியிருக்கும் மவுஸின் சிறு ரிசீவரான டாங்கிளும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. வெளி ஹார்டுடிஸ்குக்கு அடுத்த போர்ட்டிலிருந்து டாங்கிளைக் கழற்றி எதிர்ப்பக்கத்தில் செருகினால் மவுஸ் சீராகிவிடும்.

ஹெட்செட் துளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டு கேட்கிறது, மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்த மாடலின் ஒலிச் சில்லு எப்படிக் கம்பியிடப்பட்டுள்ளது என்பது கர்னலின் பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்தப் பட்டியல் மாடல் வாரியாக ஆண்டுதோறும் நீள்கிறது. புதிய கர்னல் பல நேரம் தீர்த்துவிடும். தீராவிட்டால் ஒரு சிறிய யுஎஸ்பி ஒலி அட்டை வாங்கிக்கொள்வதே நிம்மதி. இதனால்தான் நேற்று சந்தைக்கு வந்த கணினியைவிட ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியில் லினக்ஸ் எளிதாக அமர்கிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் என் கடைக்கு வரும்போது, வேகம் குறைவு என்பதைத் தவிரப் போர்ட் பற்றி எந்தப் புகாரும் இருப்பதில்லை.

விண்டோஸில் ஓடாதது லினக்ஸில் ஓடிய கதையும் உண்டு. ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் ஒருவர், கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசுவதற்காக வைத்திருந்த, யுஎஸ்பியைப் பழைய சீரியல் போர்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் கேபிளை எடுத்துவந்தார். அதில் இருந்தது பழைய பிஎல்2303 வகைச் சில்லு. புதிய விண்டோஸ் டிரைவர் பழைய சில்லுகளையும் போலிச் சில்லுகளையும் ஏற்க மறுத்துவிடும். லினக்ஸ் கர்னலோ எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று மட்டும் வந்தது. பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்ததும் அதுவும் தீர்ந்தது. பொறியியல் மாணவர்களுக்கு இதில் ஒரு சிறு எச்சரிக்கை: உபுண்டு 22.04-இல் மலிவான ஆர்டுயினோ பலகையைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று தவறாக எண்ணி 'பிஆர்எல்-டிடிஒய்' (brltty) என்ற நிரல் அந்தப் பலகையின் யுஎஸ்பி சில்லான சிஎச்340-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்த நிரலை நீக்கிவிடலாம்.

சில போர்ட்டுகளில் இயங்குதளத்துக்கு வேலையே இல்லை. 2023 டிசம்பர் பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து போன பிறகு, பல மாதங்கள் கழித்தும் ஒரு பக்கத்துப் போர்ட் மட்டும் இயங்காத கணினிகள் வந்துகொண்டிருந்தன. விளக்கை அடித்துப் பார்த்தால் முனைகளின் மேல் பச்சை பூத்திருக்கும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் கணினிகளில் வெள்ளமே இல்லாமல் உப்புக்காற்றிலேயே இது நேர்கிறது. பழுது போர்ட்டிலா டிரைவரிலா என்று பிரித்தறிய நான் செய்வது இதுதான்: பென்டிரைவை அந்தப் போர்ட்டில் செருகி, கணினியை அணைத்து எழுப்பி, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸின் பூட் பட்டியலைத் திறப்பேன். அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. வேறு போர்ட்டில் செருகினால் தெரிகிற பென்டிரைவ் இங்கே பட்டியலில் வராவிட்டால், சாலிடரிங் அயர்னை எடுக்க வேண்டியதுதான்.

இ-சேவை நடத்துபவர்களிடம் மட்டும் நான் முதலிலேயே மறுத்துவிடுகிறேன். ஆதார் கைரேகைக் கருவியை யுஎஸ்பி போர்ட் அடையாளம் காணும், பட்டியலில் பெயரும் வரும். ஆனால் அதற்குரிய பதிவு செய்யப்பட்ட சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் கருதியே எழுதப்படுகிறது. அன்றாட வருமானம் அந்த ஒரு கருவியில் இருக்கும்போது பரிசோதனை வேண்டாம்.

முக்கூடலில் பீடிக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, தம் பிரிண்டரையே சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். லைவ் முறையில் இயக்கிச் செருகினேன். பெயர் வந்தது, மாடல் வந்தது, தாள் மட்டும் வரவில்லை. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் எப்போதோ வெளியிட்ட லினக்ஸ் டிரைவர் இன்றைய பதிப்புகளில் நிற்கவில்லை. நானும் ஒரு மணி நேரம் முயன்று பார்த்தேன். மாதம் இரண்டு கட்டுத் தாள் அச்சிடும் மனிதர் அவர். விண்டோஸைத் தொடாமல், இணையத்தை மட்டும் துண்டித்துக் கணக்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு பிரிண்டரை மறுபடி சாக்கில் வைத்துக் கட்ட இருவருமாகக் கயிற்றைத் தேடினோம்.