50 ஹெர்ட்ஸ், 5 கிலோவாட்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. மக்கள்தொகை சுமார் நூறு. நாட்டின் மின்கம்பி இன்றுவரை அங்கே போகவில்லை. 2008 பிப்ரவரி வரை பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான். அதை அணைத்தால் விளக்கும் போய்விடும், ஃபிரிட்ஜும் நின்றுவிடும். இப்போது 24 மணி நேரமும் மின்சாரம் உண்டு. அதில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறது.

ஓடையில் 100 கிலோவாட் நீர்மின் நிலையம் ஒன்று, அதைவிடச் சிறியவை இரண்டு, நான்கு சிறு காற்றாலைகள், சோலார் தகடுகள். குளிர்காலத்தில் மழைக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. ஓடைகள் மெலியும் மாதங்களில் வெயில் கைகொடுக்கும். எல்லாமே கைவிட்டால் டீசல் ஜெனரேட்டர் ஓடும்.

மின்சாரம் தயாரிப்பதைவிட அதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எந்த மின்கட்டமைப்பிலும் நொடிக்கு நொடி உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும். கோடிக்கணக்கானோர் சேர்ந்த கட்டமைப்பில் பத்து வீட்டில் ஒரே நேரத்தில் தண்ணீர் சுடவைக்கும் மின் கெட்டிலைப் போட்டால் யாருக்கும் தெரியாது. எக் தீவில் அது திடீரென்று ஏறும் 30 கிலோவாட் சுமை! அந்த நொடியில் அதைத் தாங்குவது பேட்டரித் தொகுப்பும், அதன் மின்சாரத்தை வீடுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களும்தான். வீடுகளுக்குப் போகும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். அதுதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். அதை நிர்ணயிப்பவையும் இந்த இன்வெர்ட்டர்களே.

சரி, பேட்டரி நிரம்பிவிட்டது, காற்று இன்னும் அடிக்கிறது என்றால்? இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணை 50-க்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகின்றன. தீவின் இன்னொரு மூலையில் இருக்கும் காற்றாலையும் சோலார் இன்வெர்ட்டரும் தங்களுக்கு வரும் கம்பியிலேயே அந்த உயர்வை அளந்து, உற்பத்தியைத் தாமாகக் குறைத்துக்கொள்கின்றன. சமூகக் கூடத்திலும் தேவாலயத்திலும் வைத்திருக்கும் ஹீட்டர்கள் அதே குறிப்பைப் பார்த்து எரியத் தொடங்குகின்றன. மிஞ்சிய மின்சாரம் வெப்பமாகி, குளிரில் நடுங்கும் பொதுக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. இதற்கென்று தனியாகத் தகவல் கம்பியோ இணையமோ தேவையில்லை. மின்சாரம் ஓடும் கம்பியே செய்தியையும் கொண்டுபோகிறது. இவ்வளவு எளிமையான ஏற்பாடு இத்தனை பெரிய சிக்கலைத் தீர்ப்பதை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

அப்புறம், மனிதர்களுக்கான ஏற்பாடு. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. தொழில் நடத்துபவர்களுக்கு 10. கெட்டிலும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஓடலாம், கூடவே மின் அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அதை மறுபடி ஏற்ற ஆள் வர வேண்டும், கட்டணமும் உண்டு. இயற்கை மூலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் சிவப்பு எச்சரிக்கை வரும். மக்கள் செலவைக் குறைத்துக்கொள்கிறார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு என்று வரம்பில் பாகுபாடு கிடையாது. அதனாலேயே இந்த விதி நிற்கிறது என்பது என் எண்ணம்.

பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் இருக்கும் தர்னாய் கிராமத்தின் கதை வேறு. அங்கே 2014-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சோலார் கட்டமைப்பைத் தொடங்கியது. விளக்கு, மின்விசிறிக்கு அது போதும். ஃபிரிட்ஜ் போன்றவற்றைத் தாங்காது. விரைவிலேயே அரசின் மின்கம்பி ஊருக்குள் வந்தது. அந்த மின்சாரம் விலையும் குறைவு, இப்படிப்பட்ட வரம்பும் இல்லை. வீடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. பேட்டரிகள் ஆயுள் முடிந்து போனபின் புதுப்பிக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் நிலையமே நின்றுபோனது. தர்னாய் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலிவான, தாராளமான மின்சாரம் வாசலுக்கு வந்தால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

எக் தீவுக்கு அப்படி ஒரு கம்பி வரவில்லை. அங்கே மின் நிறுவனமும் தீவுவாசிகளுடையதுதான். 1997-இல் தீவையே விலைக்கு வாங்கிய அவர்களுடைய அறக்கட்டளைக்குச் சொந்தமானது அது. கருவிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர்களும் அதே ஊர்க்காரர்கள்.