மதப் பிரச்சாரம்: சொல்லும் சட்டமும்

பிரச்சாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சொல் காவல் நிலைய மனுவிலும் இருக்கும், சுவரொட்டியிலும் இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4.20. இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்களில் 'மதப் பிரச்சாரத்தை அரசு தடுக்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், எதைத் தடுக்கச் சொல்கிறார் என்று முதலில் கேட்டாக வேண்டும். மேடைப் பேச்சையா, ஒலிபெருக்கியையா, துண்டுப் பிரசுரத்தையா, மதமாற்றத்தையா? இவை அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

சொல்லின் வேர் வடமொழி. 'சர்' என்றால் நடத்தல், உலாவுதல். சஞ்சாரம், ஆசாரம், உபசாரம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. 'பிர' என்ற முன்னொட்டு 'முன்னோக்கி' என்ற பொருளைத் தரும். ஆக, பிரசாரம் என்பது முன்னே நடந்து செல்வது, வழக்கில் பரவுவது. மூலத்தில் ஒற்றைச் சகரம்தான். தமிழில் 'பிரசாரம்' என்று எழுதினால் 'ஸ' ஒலி வந்துவிடுகிறது என்பதால் ஒரு 'ச்' சேர்த்துப் 'பிரச்சாரம்' ஆக்கினார்கள். இரண்டுமே அச்சில் இருக்கின்றன, இரண்டையும் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு இணையாக வழங்கும் 'புரோபகாண்டா' மதத்திலிருந்தே புறப்பட்டது. 1622இல் போப் பதினைந்தாம் கிரகோரி, விசுவாசத்தைப் பரப்புவதற்கென்று ரோமில் ஒரு பேராயம் அமைத்தார். அதன் லத்தீன் பெயரில் இருந்த சொல் அது. அரசியல் பொய்ப் பேச்சு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. லத்தீன் வினையின் பழைய பொருள் தோட்டக்காரருக்குரியது: கொடியைப் பதியம் போட்டுப் பெருக்குதல்.

நல்ல தமிழில் பரப்புரை. பரப்பு, உரை என்ற இரண்டும் சேர்ந்தது. ஈழத் தமிழரின் எழுத்தில் நிலைபெற்று, இப்போது தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளிலும் செய்திகளிலும் புழங்குகிறது. இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும், காரணம் அதில் 'உரை' இருக்கிறது. வாயால் சொல்வதை மட்டுமே அது குறிக்கும். பணம் கொடுப்பதோ மிரட்டுவதோ உரை ஆகாது. அந்த வகையில் பிரச்சாரத்தைவிட இது கறாரான சொல்.

நம் ஊர்க்காரர்கள் அன்றாடப் பேச்சில் இரண்டையுமே அதிகம் சொல்வதில்லை. சுவிசேஷக் கூட்டம், ஜெபக்கூட்டம், கன்வென்ஷன் என்பார்கள். கத்தோலிக்கர் கோயிலில் பூசைக்குள் நடப்பது மறையுரை, சீர்திருத்த சபைகளில் அதுவே பிரசங்கம் அல்லது தேவசெய்தி. பள்ளிவாசலில் பயான். அய்யா வைகுண்டரின் வழிபாட்டிடங்களான பதிகளில் ஏடு வாசிப்பு. பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு, மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவின்போது சமய மாநாடு. இதில் 'பிரசங்கம்' என்பதற்கு வடமொழியில் பற்று, தொடர்பு, சந்தர்ப்பம் என்று பொருள். பேச்சு என்ற பொருள்தான் தமிழில் வேரூன்றியது. திருவிதாங்கூர்க் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கேட்ட கதாப்பிரசங்கமும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே.

'விளம்பரம்' என்ற சொல்லுக்கும் இந்த மண்ணில் தனிக் கதை உண்டு. விளம்புதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். நாஞ்சில் நாட்டுப் பந்தியில் சோறு பரிமாறுவதும் விளம்புதல்தான். ஆனால் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேருமுன், நாம் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த காலத்தில், விளம்பரம் என்றால் மன்னரின் ஆணை. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம், அதுவரை தீண்டாமையால் வெளியே நிறுத்தப்பட்டிருந்த இந்துக்களுக்கு அரசுக் கோயில்களைத் திறந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. அரசு விளம்பியது அன்று மதத்தின் கதவைத் திறந்தது. இன்று கேள்வி, மதம் விளம்புவதை அரசு மூடலாமா என்பது.

சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தை ஏற்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 'பரப்ப' என்ற சொல் சும்மா நுழைந்துவிடவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசமைப்பை வகுத்த அவையில் உறுப்பினர் லோகநாத் மிஸ்ரா அதை நீக்கச் சொன்னார். இன்னோர் உறுப்பினரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு ஆண்டுகள் கிறித்தவ நிறுவனங்களில் படித்ததையும், தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்பதையும் சொன்னார். இந்த உரிமை கிறித்தவருக்கு மட்டும் உரியதல்ல, மற்ற மதத்தாருக்கும் உண்டு என்றார். சொல் நிலைத்தது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: கருத்தை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது. தமிழ்நாடு 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து, 2004இல் அதைக் கைவிட்டதும் நினைவிருக்கும்.

'பொது அமைதி' என்ற நிபந்தனை நமக்கு வெறும் சட்ட வார்த்தை இல்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கி கடற்கரை ஊர்களுக்குப் பரவிய இந்து-கிறித்தவக் கலவரமும் துப்பாக்கிச் சூடும், அப்புறம் அதை விசாரிக்க வந்த நீதிபதி வேணுகோபால் ஆணையமும் பெரியவர்களுக்கு மறக்காது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பேச்சையே மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூட வேண்டியது சத்தத்தை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மற்ற நேரத்துக்கும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அதே ஆண்டில் சென்னை தேவாலயம் ஒன்றின் வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்திக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கூம்பு ஒலிபெருக்கி கோபுரத்தில் இருந்தாலும் குருசடியில் இருந்தாலும் பள்ளிவாசல் மினாராவில் இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான். ஒரு தரப்புக்கு மட்டும் அதிகாரி அதை நீட்டினால், அது விதியே இல்லை.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகள் (1994) முழுமையாகவோ முக்கியமாகவோ மத நோக்கம் கொண்ட விளம்பரங்களை அனுமதிப்பதில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் குறிப்பிட்ட நோய்கள் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இதை நான் மனமார ஆதரிக்கிறேன். புற்றுநோயாளி ஒருவர் சுவரொட்டியை நம்பி மருந்தை நிறுத்தினால், அங்கே கெடுவது 25ஆம் பிரிவே சொல்லும் சுகாதாரம். ஆனால் 'எங்கள் கடவுளே மெய்' என்று ஒருவர் கைப்பிரதி நீட்டினால் அரசுக்கு அதில் வேலை இல்லை. பிடிக்காவிட்டால் வாங்காமல் நடக்கலாம்.

எழுதும்போது பிரித்து எழுதுங்கள். மேடையில் சொல்வது சமயச் சொற்பொழிவு, ஊர் ஊராகச் சொல்லிப் போவது சமயப் பரப்புரை, காசு கொடுத்து அச்சிடுவது விளம்பரம், ஆள் மாறுவது மதமாற்றம். புகார் சத்தத்தைப் பற்றியது என்றால் மனுவில் 'மதப் பிரச்சாரம்' என்று எழுத வேண்டாம், 'அனுமதியில்லாத ஒலிபெருக்கி' என்று இடமும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். நடவடிக்கை எடுக்க விதி இருப்பது அதற்குத்தான்.