எக்செல் எண்ணியதில் 8 பேரைக் காணோம்

ஒரு நலச்சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். 212 உறுப்பினர்கள். ஊருக்கு எத்தனை பேர் என்று செயலாளர் தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் 204. "நான் எண்ணலை சார், எக்செல்தான் எண்ணுச்சு" என்றார்.

அவர் போட்ட ஃபார்முலாவில் பிழை இல்லை. ஊர்ப் பெயர்கள் சி2 முதல் சி213 வரை இருந்தன. அதற்கு அவர் போட்டது இது:

=கவுண்ட்இஃப்(சி2:சி213,"லால்குடி")

ஃபார்முலாவின் பெயரையும் கட்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். முதலில் எங்கே தேடுவது, காற்புள்ளிக்குப் பிறகு எதைத் தேடுவது, அவ்வளவுதான். சந்தா 500 ரூபாயும் அதற்கு மேலும் கட்டியவர்களை எண்ண ">=500" என்று போடலாம். குறியும் எண்ணும் சேர்ந்தே மேற்கோளுக்குள் வர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

சரி, 8 பேர் எங்கே போனார்கள்?

5 பேர் லால்குடிக்காரர்கள். தட்டச்சு செய்தவர் சில இடங்களில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது, எக்செல்லுக்கு அது வேறு ஊர். பக்கத்துக் கட்டத்தில், எழுத்துகளை எண்ணிச் சொல்லும் =லென்(சி2) போட்டுக் கீழே வரை இழுத்தேன். லால்குடி நமக்கு 4 எழுத்து. எக்செல் காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 8 என்று சொல்லும். அந்த 5 வரிகளில் மட்டும் 9 வந்தது. =ட்ரிம்(சி2) போட்டால் அந்த வால் போய்விடும்.

மீதி 3 பேர் ஸ்ரீரங்கம். இதில்தான் அரை மணி நேரம் போனது. லென் எல்லாவற்றுக்கும் 10 என்றே காட்டியது. அப்புறம்தான் பொறி தட்டியது: கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும் முறைதான் யூனிகோட்; அதில் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று 'ஸ'வில் தொடங்கும். இன்னொன்று 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். =யூனிகோட்(சி2) என்று போட்டால் முதல் எழுத்தின் எண் வரும். பெரும்பாலான வரிகளில் 3000, அந்த மூன்றில் மட்டும் 2998. கண்ட்ரோல் எச் (தேடி மாற்றும் வசதி) அழுத்தி ஒரே மாதிரியாக மாற்றினேன். இந்த யூனிகோட் ஃபார்முலா 2013 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய எக்செல் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் எச்சிலேயே நேராக இறங்கலாம்.

கவனித்தீர்களா, எந்த இடத்திலும் எக்செல் பிழை என்று சொல்லவில்லை. கிடைத்ததை எண்ணிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தது. அதனால் ஊர்வாரி எண்ணிக்கைக்குக் கீழே கூட்டுத்தொகையும், பக்கத்தில் =கவுண்ட்ஏ(சி2:சி213) ஃபார்முலாவும் போட்டுவிட்டுத்தான் நான் தாளை மூடுவேன். கவுண்ட்ஏ காலியில்லாத கட்டங்களை எல்லாம் எண்ணும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ வால் ஒட்டியிருக்கிறது.

குறைத்து எண்ணுவதைவிட ஆபத்தானது கூட்டி எண்ணுவது. அதே சங்கத்தில் வங்கிக் கணக்கு எண் இரட்டிப்பாக இருக்கிறதா என்று பார்க்க =கவுண்ட்இஃப்(இ$2:இ$213,இ2) போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கு 2 என்று வர, "ஒரே கணக்கு" என்று இருவருக்கும் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். இரண்டுமே 16 இலக்க எண்கள். கடைசி இலக்கம் மட்டும் வேறு. எழுத்தாகச் சேமித்திருந்தாலும் கவுண்ட்இஃப் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். எக்செல்லில் எண்ணுக்கு 15 இலக்கம் வரைதான் துல்லியம். கடைசி இலக்கத்தை அது பார்க்கவே இல்லை.

இ2 என்பதை இ2&"*" என்று மாற்றினேன். நட்சத்திரம் சேர்ந்ததும் எழுத்தாகவே ஒப்பிட்டது. இரண்டு வரியிலும் 1 வந்தது. செயலாளர் அன்று மாலையே இருவருக்கும் போன் போட்டார்.