‘பகுப்பாய்வுத் தீர்வு’ எதைப் பகுக்கிறது?

மரபார்ந்த இயக்கவியலைப் பல்கலைக்கழகத்தில் பயில்வோருக்கான தமிழ்க் குறிப்புகளில், ‘அனலிட்டிகல்’ என்னும் அடைமொழி வருமிடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘பகுப்பாய்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஊசலின் பகுப்பாய்வுத் தீர்வு’ என்று படிக்கும் மாணவர், ஊசலை எந்தெந்தக் கூறுகளாகப் பகுத்தார்கள் என்று தேடினால் பிழை அவருடையதன்று.

அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்கம், கட்டவிழ்த்தல் என்று பொருள். பின்னாளில் இயற்கணித முறையையே இச்சொல் குறித்தது. 1788-இல் கணிதவியலாளர் லக்ராஞ்சு தம் இயக்கவியல் நூலுக்கு இவ்வடைமொழியைச் சூட்டியபோது, நூலில் ஒரு படமும் இராது என்று முன்னுரையிலேயே அறிவித்தார். 1687-இல் நியூட்டன் வடிவியல் வழியே சொன்னதற்கு மாறாக, எல்லாவற்றையும் சமன்பாடுகளாலேயே நடத்துவது அவர் நோக்கம்.

இன்றைய வகுப்பறையில் எதிர்ச்சொல் வடிவியல் அன்று, கணினி. சிறு வீச்சில், அதாவது ஊசல் நடுநிலையிலிருந்து சிறிதளவே விலகி ஆடும்போது, அதன் அலைவு நேரத்தை, நீளத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் கொண்ட ஒரே வாய்பாட்டில் எழுதிவிடலாம்; இப்படி வாய்பாடாகக் கிடைப்பதையே ‘அனலிட்டிகல்’ தீர்வு என்கிறார்கள். வீச்சு 90 பாகையானால் அந்நேரம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது. அதைச் சொல்ல, எளிய சார்புகளில் அடங்காத ‘நீள்வட்டத் தொகையீடு’ என்னும் தொகையீடு வேண்டும். ஓர் ஊசலின் முனையில் இன்னொன்றைத் தொங்கவிட்ட இரட்டை ஊசலின் பொதுவான இயக்கத்துக்கோ அத்தகைய வாய்பாடு கிடையாது. காலத்தைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, ஒவ்வொரு துணுக்கிலும் நிலையையும் வேகத்தையும் கணினி எண்களாகக் கணித்துக்கொண்டே போகவேண்டும். பகுப்பது எது என்று கேட்டால், இந்த இரண்டாம் முறைதான் பகுக்கிறது! பெயரை எதிர்முறைக்குச் சூட்டிவிட்டு, மாணவருக்குப் புரியவில்லை என்று வருந்துகிறோம்.

‘அனலிட்டிகல்’ என்பதற்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘பகுமுறை’யும் ‘பகு’ என்னும் அதே வேரில் பிறந்ததுதானே என்று கேட்கலாம். ஆயினும் ‘பகுமுறை வடிவியல்’ பள்ளியிலேயே வேரூன்றி, சமன்பாட்டு வழி என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. ஆகவே துறைப்பெயராகப் ‘பகுமுறை இயக்கவியல்’ இருக்கட்டும். தீர்வைக் குறிக்க ‘வாய்பாட்டுத் தீர்வு’ என்பதே தெளிவு. பெருக்கல் வாய்பாடு நினைவுக்கு வருமே என்பார் உளர்; ‘பகுப்பாய்வு’ வேதியியல் ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுவதைவிட அது பெருங்கேடில்லை.

இதன் இணையாக, கணினி எண்களால் பெறும் தீர்வைக் குறிக்கும் ‘எண்ணியல் தீர்வு’ம் எனக்கு உடன்பாடில்லை. ‘இயல்’ என்று முடிந்தாலே அது ஒரு துறையின் பெயர்போல ஒலிக்கிறது. போதாக்குறைக்கு, டிஜிட்டல் என்பதற்கும் அச்சொல்லையே சிலர் ஆள்கிறார்கள். முறையைச் சொல்லும் ‘எண்முறைத் தீர்வு’ கையருகே இருக்க, மொழிபெயர்ப்பாளர் ஏன் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.