காலாவதி, கெடு, கெடாக் காலம்: டப்பா மேல் இருக்கும் தேதிக்கு எது சரியான சொல்?

தண்டையார்பேட்டையில் இருக்கும் அத்தைக்குப் பொங்கல் சமயத்தில் கண் உறுத்தல். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, மிச்சத்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிட்டார். சித்திரை வெயிலில் மறுபடி உறுத்தியதும் அதே பாட்டிலை எடுத்து அண்ணாந்துகொண்டார். "அத்தை, அது பழசு" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பிக் காட்டினார்: "பாரு, இன்னும் காலாவதி ஆகல. அடுத்த வருஷம் நவம்பர்னு போட்டிருக்கான்." அவர் படித்தது சரிதான். ஆனால் அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு உரியது. கண் சொட்டு மருந்தைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் 4 வாரம்தான் கணக்கு. தேதி பார்த்து மருந்து போடுகிறவரையே ஒரு சொல் இப்படித் தடுமாற வைக்கிறது என்றால் அதைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

காலாவதி வடமொழிச் சொல். காலம், அவதி இரண்டும் சேர்ந்தது. இந்த அவதி 'வெயிலில் அவதிப்பட்டோம்' என்பதில் வரும் அவதி இல்லை, எல்லை என்று பொருள். ஆக காலாவதி என்றால் கால எல்லை, அவ்வளவுதான். மலையாளத்தில் இன்றும் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது, ஒரு பதவியின் காலமும் அங்கே காலாவதிதான், வெறும் 'அவதி' என்றால் விடுமுறை. நம்மிடம் இந்தச் சொல் சரியான பொருளில் புழங்குகிற இடம் கடனுக்கு எழுதிக்கொடுக்கும் புரோநோட்டு. எழுதி 3 வருடம் ஆகியும் வழக்குப் போடாமல், நடுவில் வரவும் வைக்காமல் விட்டால் 'நோட்டு காலாவதி ஆயிடுச்சு' என்பார்கள். காகிதம் கிழிந்திருக்காது, மை அழிந்திருக்காது, கேட்பதற்கான காலம் முடிந்திருக்கும். டப்பா விஷயத்தில் மட்டும் 'காலாவதி ஆன' என்பதை 'கெட்டுப்போன' என்றே எடுத்துக்கொண்டோம், தேதி தாண்டவில்லை என்றால் நல்லது என்றும் முடிவு கட்டிக்கொண்டோம்.

எக்ஸ்பைரி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. லத்தீனில் அது மூச்சை வெளியே விடுவது, அதிலிருந்து கடைசி மூச்சு, சாவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் 'எக்ஸ்பைர் ஆயிட்டார்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். இன்றைக்கு உயிர் இருக்கிறது, நாளைக்குப் போய்விடும் என்ற எண்ணத்தை அது தேதியோடு சேர்த்தே கொண்டுவருகிறது. நம் மளிகைக் கடைகளில் சொல்லும் 'டேட் முடிஞ்சிடுச்சு' இதைவிடத் துல்லியம்.

அப்புறம் ஷெல்ஃப் லைஃப். இதை 'அலமாரி ஆயுள்', 'அடுக்கு வாழ்நாள்' என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அலமாரிக்கு இங்கே என்ன வேலை? ஒரு பொருள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதானே கேள்வி, அதனால் கெடாக் காலம் என்பதே பொருந்தும். அது ஒரு நாள் இல்லை, ஒரு நீட்சி. பிரிக்காமல், ஈரம் படாமல், சொன்ன சூட்டில் வைத்தால் என்ற நிபந்தனையோடு வரும் நீட்சி. ராயபுரத்தில் கடல் காற்று படுகிற வீட்டில் பிஸ்கட்டைப் பிரித்து வைத்துப் பாருங்கள், தேதிக்கு இன்னும் 5 மாதம் இருக்கும், சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும்.

நமுத்தல்! இந்த மாதிரிச் சொற்கள் நம்மிடம் எவ்வளவு இருக்கின்றன. எண்ணெய்ப் பலகாரத்தில் சிக்கு வாடை வரும், குழம்பு ஊசிப்போகும், பால் திரியும், ஊறுகாயில் பூசணம் பிடிக்கும், அரிசி மக்கும், ப்ளீச்சிங் பவுடரில் வீரியம் போகும். கடைசியாகச் சொன்னது பார்வைக்கு அதே வெள்ளைத் தூள்தான், ஆனால் காற்றும் ஈரமும் பட்டுக் குளோரின் குறைந்திருக்கும், தொட்டியில் போட்டுப் பயனில்லை. காசிமேட்டில் மீனுக்குத் தேதி கிடையாது, செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், சிவப்பு போய்ப் பழுப்பேறியிருந்தால் 'நாள்பட்டது'. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் வைத்த சொற்கள் இவை, எல்லாவற்றையும் 'எக்ஸ்பைரி' என்ற ஒன்றுக்குள் அடைப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மருந்துக்கும் குழந்தைப் பால் மாவுக்கும் மோந்து பார்க்கும் வேலை வேண்டாம், அங்கே தேதிதான் பேச்சு.

பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால் அதுவரை சுவையும் மொறுமொறுப்பும் குறையாது என்று பொருள். 'யூஸ் பை' என்றால் அதைத் தாண்டி உண்ணக் கூடாது. இந்தியாவில் 2020இல் வந்த உணவு லேபிள் விதிகள் இந்த இரண்டாவதைத்தான் கட்டாயமாக்கின. மருந்தில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும்.

சரி, காலாவதிக்குத் தமிழில் என்ன? 'கெடு' என்று சொல்வேன். ஒரு வாரம் கெடு கொடுத்தார் என்கிறோமே, அந்தக் கெடு. தெலுங்கில் இதே பொருளில் 'கடுவு' இருக்கிறது, தெலுங்கு பேசும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மாத்திரை அட்டையைப் பார்த்து 'கடுவு அயிப்போயிந்தி' என்பார். கெட்டுப்போவதைக் குறிக்கும் கெடு வேறு, இந்தக் கெடு வேறு. 'கெடுநாள்' என்றால் கெட்ட நாள் போல ஒலிக்கிறது, அதனால் கெடு தேதி.

இந்தச் சொல் எவ்வளவு உதவும் என்பதற்கு கேஸ் சிலிண்டர் போதும். கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் 'பி 27' என்பது போல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை, எண் வருடம். இதைச் சிலிண்டர் எக்ஸ்பைரி என்கிறார்கள். உள்ளே இருக்கும் கேஸ் கெடுவதில்லை, உருளையை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. சோதனைக் கெடு என்றால் யாருக்கும் புரியும்.

அத்தை வீட்டுச் சொட்டு மருந்தைக் கொட்டிவிட்டு டாக்டரிடம் போய்ப் புதுசு வாங்கினோம். பாட்டிலில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, திறந்த தேதியை எழுதி, கீழே 'கெடு' என்று போட்டு 4 வாரம் கழித்து வரும் தேதியையும் எழுதினேன். அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டு இருமல் டானிக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார்: "இதை எப்போ திறந்தேன்னு ஞாபகமே இல்லையே."